மறுபடியின் வாக்குமூலம்

கப்பல் பருவம் தொடங்கிய இரண்டாம் வாரம்

கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் அக்காவுக்கு, இந்தக் கரையிலிருந்து தம்பியின் வணக்கம். நானும் என் மனைவியும் எங்கள் மகள் சின்னவளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்று போன வருடமே எழுதினேன். சொன்னால் கேட்கிற ஆள் நீங்கள் இல்லை என்று தெரிந்துதான் எழுதினேன். இப்போதும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கம்பளி மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. உங்கள் ஊர்க் கயிறு திரிப்பவர் இறந்துபோன செய்தி எங்களை உலுக்கிவிட்டது. ஆண்டவர் பேசியதை நேரில் கேட்டவர்களில் உங்கள் பக்கம் கடைசி ஆள் அவர்தானா? அவர் சொன்னதில் பாதியை எல்லோரும் கூடி உட்கார்ந்து நினைவுபடுத்திக்கொண்டீர்கள், மீதிப் பாதி அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை உங்கள் தம்பி மனைவி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் எழுந்து போய்விட்டாள்.

எங்கள் பக்கம் இருப்பதையாவது நான் எழுதி அனுப்ப வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்து நாற்பது வருடம் ஆகப் போகிறது. நடுவர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஊரார் வழக்குகளை நகல் எடுக்கிறவனுக்கு இதை எழுதுவதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தெருச் செருப்புத் தைப்பவரை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கல்யாணமாகிப் போன பிறகு இங்கே வந்தவர். ஆண்டவர் சொன்ன கதைகள் அவரிடம்தான் இருக்கின்றன. அவருடைய தகப்பனார் நேரில் கேட்டு, தோல் தைத்தபடியே மகனுக்குச் சொன்னவை. விரலுக்கு ஒரு கதை. இவருக்கு ஒன்பது விரல்தான், ஒன்றைத் தோல் வெட்டும் கத்தி எடுத்துக்கொண்டது. பத்தாவது கதை எங்கே என்று யாராவது கேட்டால், "விரலோட போச்சு" என்பார். உண்மையா விளையாட்டா என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது.

சுண்டுவிரலில் விதைக்கிறவன், அதற்கடுத்த விரலில் காணாமல் போன ஆடு, இப்படிப் போகும். ஏன் இந்த வரிசை என்று கேட்டேன். "எங்கப்பா கைல அப்படித்தான் இருந்துச்சு" என்றார். மழை பொய்த்த வருடம் விதைக்கிறவன் கதை மட்டும் ஒரு மாலை முழுவதும் நடந்தது. கூட்டத்துக்கு மந்தைக்காரர்கள் வந்துவிட்டால் ஆட்டுக்கு ஒரு கால் நொண்டும், முள்ளில் மாட்டும், மேலும் இரண்டு குன்று ஏற வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு கதையின் கடைசி வாக்கியமும் மாறாது. அந்த இடம் வரும்போது கையிலிருக்கும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வார்.

எழுதலாமா என்று கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. "எழுதி வச்சா நல்லாத்தான் இருக்கும் தம்பி. ஆனா புரியலைன்னா அதுகிட்டத் திருப்பிக் கேக்க முடியுமா? என்கிட்டக் கேக்கலாமே" என்றார்.

மருத்துவச்சியை உங்களுக்கு நன்றாகவே தெரியும். உங்களுடைய மூத்த பையனைக் காலைப் பிடித்து இந்த உலகத்துக்கு இழுத்தவர். ஆண்டவரின் சாவு அவரிடம் இருக்கிறது. பன்னிரண்டு வயதில், தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் நின்ற பெண்களோடு நின்று பார்த்தவர். எங்கள் கூட்டத்தில் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். அவர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "என் வாய்ல இருக்கறத எவனும் சோதனை போட்டு எடுக்க முடியாது. தாள்ல இருந்தா எடுத்துருவான்."

தையல்காரரைக் குளிர்காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்களே, அவரிடம் கிடைத்தது ஒரே ஒரு கடிதம்தான். அதில் ஐந்து பேர் நலம் விசாரிக்கப்பட்டிருந்தார்கள். அந்த ஐந்தில் மூன்று பேர் இப்போது ஊரில் இல்லை. இரண்டு பேர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அக்கா, இந்தக் கடிதத்தில் நான் ஒரு பெயரும் எழுதவில்லை. உங்கள் பதிலிலும் எழுதாதீர்கள்.

அலுவலகத்தில் நான் பார்க்கும் வேலையும் கூட்டத்தில் நான்கு பேருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு நான் சந்தையில் மனு எழுதுகிறவன்.

நம் தெருவில் சில கதவுகளின் கீழ் மூலையில் சுண்ணக்கட்டியால் சின்னதாக ஒரு கோடு போட்டிருக்கிறது. சாக்கடை வெட்ட அளவெடுத்தார்கள் என்கிறார்கள். ஐந்து கதவில் இருக்கிறது. ஐந்தும் நம்மவர்கள் கதவு. எங்கள் கதவில் இல்லை என்று பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக அன்று முழுவதும் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. குளிர்காலக் கடைசியிலிருந்து கூட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். கம்பளி தரம் பார்ப்பவர், தனியாள், நாற்பது வயதிருக்கும். எதைச் சொன்னாலும் "மறுபடி சொல்லுங்க" என்று கேட்பதால் அவருக்கு மறுபடி என்றே பெயர் வைத்துவிட்டோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வரும்போது ஒரு கட்டு விறகு கொண்டுவருவார். சின்னவளுக்கு அவர் என்றால் உயிர், ஏனென்றால் அவள் உளறுவதையும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கிற ஒரே பெரிய மனுஷன் அவர்தான். அவளோ எல்லாக் கதையையும் தெருவில் கயிறு தாண்டிக்கொண்டே ராகம் போட்டுச் சொல்கிறாள். வாயைப் பொத்தி உள்ளே இழுத்து வருவதே உங்கள் தம்பி மனைவிக்கு ஒரு வேலையாகிவிட்டது.

எழுதுவதைப் பற்றி இன்னும் ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோரையும் ஆண்டவர் காக்கட்டும்.

உங்கள் தம்பி


வெயில் காலத்தின் நடு

அக்காவுக்கு, எங்கள் மூவரின் வணக்கம். இதைக் கப்பல் தச்சர் ஒருவர் கொண்டுவருகிறார். நல்லவர்தான், ஆனால் அதிகம் பேசவைக்காதீர்கள்.

செருப்புத் தைப்பவரைப் பிடித்துவிட்டார்கள். பட்டப்பகலில், கடையில், வாடிக்கையாளர் எதிரிலேயே. கையிலிருந்த ஊசியைக் கூடக் கீழே வைக்க விடவில்லை. அந்த வாடிக்கையாளர் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் நின்றுகொண்டிருந்ததாக எதிர்க்கடைக்காரர் சொன்னார். கோடு போட்டிருந்த ஐந்து வீட்டையும் அன்றே சோதனை போட்டார்கள். கடைக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் நான் கேட்க முடியாது. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

உங்கள் தம்பி மனைவி வேலை செய்யும் ரொட்டிச் சூளைக்குப் பின்னால் ஒரு மாவுக் கிடங்கு இருக்கிறது. இப்போது அங்கேதான் கூடுகிறோம். சூளைக்காரம்மா கதவைத் திறந்துவிட்டு, தனக்கு எதுவும் தெரியாது என்பதுபோல் வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். வெளியே வரும்போது எல்லோர் தலையிலும் மாவு. மருத்துவச்சி எங்களைப் பார்த்து, "ஒரே வாரத்துல கிழடாயிட்டீங்களே எல்லாரும்" என்றார். சிரித்தோம். சிரித்து நாளாகிவிட்டது.

முதல் கூட்டத்தில் அவருடைய ஒன்பது கதைகளையும் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். உங்கள் கயிறு திரிப்பவருக்கு நடந்தது எங்களுக்கும் நடக்கும் என்று நினைக்கவே இல்லை. எத்தனை வருடம் கேட்டிருக்கிறோம்? ஆனால் ஏழுதான் வந்தது. ஒருவர் ஆட்டுக் கதையின் முடிவை விருந்துக் கதையில் கொண்டுபோய் வைத்தார். இன்னொருவர் அது சரிதான் என்று சாதித்தார். எட்டாவதை உங்கள் தம்பி மனைவி மாவு பிசைவதுபோல் கையை ஆட்டிக்கொண்டே பிடித்துவிட்டாள். ஒன்பதாவது யாருக்கும் நினைவில்லை. எதைப் பற்றியது என்பது கூட. ஒவ்வொருவரும் தங்கள் கட்டை விரலை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது மறுபடி கண்ணை மூடியபடியே, "ஒரு ஊர்ல ஒரு வீட்டுக்காரன் இருந்தான்" என்று ஆரம்பித்தார். முழுக் கதையையும் சொன்னார். செருப்புத் தைப்பவரின் குரலே அதில் இருந்தது அக்கா. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி, இருமும் இடத்தில் நிறுத்தி. அதோடு மற்ற எட்டையும் வரிசைப்படுத்தி, விருந்துக் கதையின் முடிவையும் திருத்திக் கொடுத்தார். நாங்கள் அழுதோம். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் உடம்பு விறைத்துப்போனது. கூச்சம் போலும் என்று நினைத்தேன்.

அடுத்த செய்தி கைதிகள் கல்லுடைக்கும் இடத்திலிருந்து வந்தது. தையல்காரர் இறந்துவிட்டார். அவருடைய மனைவி மூன்று நாள் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. நான்காம் நாள் கூட்டத்துக்கு அழைத்துவந்து சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். அன்று மருத்துவச்சி ஆண்டவரின் சாவைச் சொன்னார். வழக்கம்போல்தான் முடித்தார்: "பெருசா ஒரு சத்தம். அவ்ளோதான். அப்புறம் ஒண்ணும் இல்ல." இத்தனை வருடமும் அங்கேதான் முடியும். முடிந்ததும் யாரும் பேச மாட்டோம்.

அன்று தையல்காரர் மனைவி பேசினாள். "கடைசியா ஒரு வார்த்தை கூடவா சொல்லல? இவரு அங்க தனியாத்தான செத்திருப்பாரு? அவரும் அப்படித்தானா?" என்று கேட்டாள். மருத்துவச்சி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சொன்னாரு. 'நான் தனியா இல்ல'ன்னு சொன்னாரு" என்றார். அந்தப் பெண் அன்று சூளையிலிருந்து வந்த ரொட்டியில் கொஞ்சம் பிட்டுச் சாப்பிட்டாள்.

அதற்கடுத்த கூட்டத்தில் மருத்துவச்சி கதையைச் சொன்னபோது அந்த மூன்று சொல்லும் அதிலேயே இருந்தன. பெரிய சத்தத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டன. எப்போதும் அங்கேயே இருந்ததுபோல. வீட்டுக்கு வந்து உங்கள் தம்பி மனைவியிடம் கேட்டேன். "எப்பவும் அப்படித்தான சொல்வாங்க?" என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. நான் நகல் எடுக்கிறவன், ஒரு சொல் கூடினாலும் என் கண்ணில் படும். ஆனால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுபடி மட்டும் அன்று இரண்டு தடவை கேட்டார்: "அந்த இடத்த மறுபடி சொல்லுங்க."

ஒன்று சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். கேட்கும்போது அவருடைய கட்டை விரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகர்கிறது. எங்கள் அலுவலகத்தில் வாய்மொழி உத்தரவு கொண்டுபோகிற ஆட்கள் உண்டு. எழுத்தில் வைக்கக் கூடாத செய்திகளுக்காக அவர்களைப் பழக்குவார்கள். அவர்களும் இப்படித்தான் கணுவைத் தொடுவார்கள். இதை வீட்டில் சொன்னேன். "ஒன்பதாவது கதைய நமக்குத் திருப்பிக் குடுத்த மனுஷன சந்தேகப்படுறீங்களா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கம்பளி இழை எண்ணுகிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் இருக்கலாம்.

வெயில் கடுமையாக இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு இதாவது நல்லதாக இருக்கட்டும். எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி


கப்பல் போன மறுநாள்

என் அக்காவுக்கு, தம்பியின் வணக்கம்.

இது ஒரே தாள். ஒரு கோவேறு கழுதையின் சேணத்துக்குள் வைத்துத் தைத்து, தரை வழியாகச் சுற்றி வருகிறது. இதற்கு மேல் அதில் இடமில்லை. அதனால் நெருக்கி எழுதுகிறேன், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படியுங்கள். இது உங்களிடம் வருவதற்கு வெகு முன்பே என் மனைவியும் சின்னவளும் வந்து சேர்ந்திருப்பார்கள். ஏன் வந்தார்கள் என்று அவள் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன்.

பத்து நாளைக்கு முன் தலைமை எழுத்தர் என் மேசையில் மூன்று சுருள் வைத்தார். ஒரு வாக்குமூலம், மாகாண ஆளுநருக்கு ஒரு நகல் போக வேண்டும், சொல்லுக்குச் சொல் இருக்க வேண்டும், அந்தக் கூட்டத்தார் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று அவரே படித்துப் பார்க்க விரும்புகிறார் என்றார். முதல் சுருளைப் பிரித்தேன். "ஒரு விதைக்கிறவன் விதைக்கப் போனான்" என்று இருந்தது.

ஒன்பது கதைகளும் இருந்தன. சுண்டுவிரலிலிருந்து கட்டை விரல் வரை அதே வரிசையில். "இங்கே சொல்பவர் இருமினார்." "இங்கே ஊசியைக் கீழே வைத்தார்." எல்லாம் இருந்தன. மறுபடி கம்பளி தரம் பார்ப்பவர் இல்லை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை அக்கா. நீங்கள் எழுதச் சொன்னதை, நாங்கள் எழுத மறுத்ததை, செருப்புத் தைப்பவர் செத்தாலும் சாகாதபடி ஒருவன் எழுத வைத்திருக்கிறான். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நம்மில் ஒருவருக்கும் அந்தத் திராணி இருந்ததில்லை. எங்களைக் கொல்வதற்காகச் செய்தான்.

ஒன்பதாவது கதைக்குக் கீழே அவன் சொல்லி எழுத வைத்த குறிப்பு ஒன்று இருந்தது: "இதை நான் நான்கு தடவை சொல்லக் கேட்டேன். இரண்டு தடவையே போதுமானதாக இருந்தது." இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று தலைமை எழுத்தர் அதை மட்டும் நகலில் விடச் சொன்னார். அந்த வரியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. எதற்காக அதைச் சொன்னான்?

மூன்றாவது சுருளில் மருத்துவச்சி சொன்னது இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது. குளிர்காலத்தில் கேட்டது ஒன்று, வெயில் காலத்தில் கேட்டது ஒன்று. ஒன்றில் பெரிய சத்தம் மட்டும். மற்றதில் அந்த மூன்று சொல்லும். அதற்குக் கீழே ஆட்களின் அடையாளம். பெயர் இல்லை, அங்க அடையாளம் மட்டும். எட்டாவது: "ரொட்டிச் சூளையில் வேலை செய்பவள். இடது மணிக்கட்டில் தீக்காயம். ஆறு வயதுப் பெண் குழந்தை உண்டு." ஒன்பதாவது: "அவள் கணவன். சந்தையில் மனு எழுதுபவன் என்கிறார்கள், சந்தையில் பார்த்ததில்லை. வலது நடுவிரலில் மைக்கறை."

தலைமை எழுத்தர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நம்ம ஏழு பேர்ல யாருப்பா அது?" என்றார். ஏழு பேரும் தங்கள் விரலைப் பார்த்துக்கொண்டு சிரித்தோம். நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன். அவர் அதைக் கவனித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

எங்கள் நகலை ஒருவர் வாசிக்க ஒருவர் மூலத்தோடு ஒத்துப்பார்ப்பார். எதையும் மாற்ற முடியாது. அதனால் நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். மருத்துவச்சியின் இரண்டு பகுதியையும் எடுத்துக்கொண்டுபோய், இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஒரே சாட்சி ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொல்கிறார், எதை நகலெடுப்பது என்று கேட்டேன். தலைமை எழுத்தருக்கு முரண்பாடு என்றாலே ஆகாது. "மேலிடத்துக்கு இப்படி அனுப்பினா நம்ம தலையைத்தான் உருட்டுவாங்க" என்றார். வாக்குமூலம் கொடுத்தவன் வேறொரு ஊரில் வேறொரு கூட்டத்தில் இருக்கிறானாம். அவனைத் திரும்ப வரவழைக்க ஆள் அனுப்பினார். அவன் வந்து தெளிவுபடுத்தும் வரை யாரையும் பிடிக்க உத்தரவு போகாது. தையல்காரர் மனைவிக்கு ஆறுதலாகச் சொன்ன மூன்று சொல் எங்களுக்குப் பத்து நாள் வாங்கிக் கொடுத்தது.

மருத்துவச்சியைத் தேடிப் போனேன். வலி கண்ட ஒரு பெண்ணின் வீட்டு முற்றத்தில் வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்றேன். இந்த மாதம் பிரசவத்துக்கு இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அதில் ஒன்று இரட்டை என்றார். எனக்கு வாய் அடங்கவில்லை. அந்தச் சொல் நீங்கள் கேட்டதா, நீங்கள் சொன்னதா என்று கேட்டுவிட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். "இத்தன வருஷமும் எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு முகத்தப் பாத்ததும் வாய்ல வந்துருச்சு. இப்ப நெனச்சுப் பாத்தா, அந்தச் சத்தத்துக்குள்ள அது இருக்கற மாதிரியே இருக்கு. நான் சொன்னேனா கேட்டேனான்னு எனக்கே தெரியல தம்பி. எனக்குப் பன்னண்டு வயசு அப்ப. அம்மா என் கண்ணப் பொத்தியிருந்தாங்க. காத யாரும் பொத்தல." உள்ளிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

சூளைக்காரம்மாவும் தையல்காரர் மனைவியும் தனித்தனியாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாமல் இருப்பது நல்லது.

இனி என் மனைவியைப் பற்றி. அலுவலகத்தை விட்டு வெளியே வரும்போது எங்களைத் தடவிப் பார்ப்பார்கள், ஒரு துண்டுத் தாளும் கொண்டுவர முடியாது. அதனால் பகலில் நகலெடுத்ததை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். எழுதினால் ஒழிய எதுவும் நினைவில் நிற்காத உங்கள் தம்பி, தெருவெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு, எதிரில் வருகிறவர்களை இடித்துக்கொண்டு. நான் சொல்லச் சொல்ல அவள் மாவு பிசைந்தாள். பிசைகிற தாளத்தில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டாள். நான் தடுமாறிய இடத்தில் சின்னவள் எடுத்துக் கொடுத்தாள். ஏழு நாளில் மூன்று சுருளும் அவளுக்குள் போய்விட்டன. பட்டியலைத் தவிர.

நேற்றுக் காலை துறையில் அவர்களுடைய மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள். வழிக்கென்று வைத்திருந்த ரொட்டியைக் கூடக் கத்தியால் பிளந்து பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சின்னவள் உதட்டை அசைத்துக்கொண்டே நின்றாள். காவலாள் குனிந்து, "என்ன முணுமுணுக்கிற?" என்று கேட்டான். அவள் ஆட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இரண்டு குன்றும் ஏறி, முள்ளும் மாட்டி, ஒன்றையும் விடாமல். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் காத்திருந்தார்கள். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஆடு கெடச்சுதா இல்லையா?" என்றான். "கெடச்சுது" என்றாள். போகச் சொல்லிவிட்டான்.

அக்கா, இன்னும் எழுதவில்லை என்றால் முதல் வேலையாக ஓர் எழுத்தரை உட்காரவைத்து என் மனைவி சொல்வதையெல்லாம் எழுதிவிடுங்கள். அவளை அவசரப்படுத்தாதீர்கள், கையில் மாவு கொடுத்துவிடுங்கள். உங்கள் கயிறு திரிப்பவர் சொன்னதோடு சில இடங்கள் ஒத்துப்போகாது. சண்டை போடாதீர்கள். இரண்டையும் எழுதுங்கள். ஆண்டவரின் சாவு வரும்போது அவள் அந்த மூன்று சொல்லையும் சேர்த்துத்தான் சொல்வாள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கும் எனக்கும் மருத்துவச்சிக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. நகலெடுக்கிறவனாக என்னைக் கேட்டால் அந்தச் சொற்களைக் கோடிட்டு அடித்துவிட வேண்டும் என்பேன். நேற்றுத் துறையில் நின்றவனாக என்னைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த முடிவை உங்களிடம் விடுகிறேன்.

நான் ஏன் அவர்களோடு வரவில்லை என்று கேட்பீர்கள். எழுத்தர்கள் ஏழு பேர். ஒரு நாள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால், பட்டியலில் இருக்கும் அந்த ஒன்பதாவது ஆள் யார் என்று ஒருவரும் யோசிக்க வேண்டியதில்லை. கப்பல் கரையை ஒட்டியே போய் ஐந்தாம் நாள் கடைசித் துறையில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு அதன் பிறகுதான் கடலுக்குள் இறங்கும். அதுவரை ஒரு குதிரை வீரன் அதை எட்டிப் பிடிக்க முடியும். அதுவரை ஏழு மேசையிலும் ஏழு பேர் இருக்க வேண்டும். மறுபடி நாளையோ மறுநாளோ வந்துவிடுவான் என்று தலைமை எழுத்தர் இன்று சொன்னார். என்னைத்தான் அவனோடு உட்கார்ந்து அந்த இரண்டு பகுதியையும் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார், என் கையெழுத்துத்தான் தெளிவாக இருக்கிறதாம். மனைவி எங்கே என்று கேட்டால், உள்நாட்டில் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வேன். எவ்வளவு கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அடுத்த கப்பலில் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். என் முகத்தைப் பார்க்காமல் மூட்டையையே கட்டிக்கொண்டிருந்தாள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே அவளை ஏதாவது ஒரு சூளையில் வேலைக்குச் சேர்த்துவிடுங்கள், துறையிலிருந்து தூரமான இடமாகப் பாருங்கள். சின்னவளை உங்கள் பேரப்பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். கப்பல் வரும் நாட்களில் இருவரையும் கரையில் போய் நிற்க மட்டும் விடாதீர்கள். கடல் காற்று குழந்தைக்கு ஆகாது.

ஆண்டவர் உங்கள் வீட்டில் விளக்கு அணையாமல் வைத்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

என்றும் உங்கள் தம்பி